ரேஸ் காலண்டரில் ஒரு புது சாம்பியன்ஷிப்: முன்மொழிவைத் தயாரிக்கும் முறை

குதிரைப் பந்தய கிளப்புகளிடம் புது சாம்பியன்ஷிப் ரேஸ் கேட்டு வரும் முன்மொழிவுகள் பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே பரிசுத்தொகையைப் போட்டுவிடுகின்றன. கமிட்டி தேட வேண்டியது வேறு: அந்தத் தேதியில், அந்தத் தூரத்தில் ஓடத் தரமான குதிரைகள் எத்தனை இருக்கின்றன? இதற்குப் பதில் இல்லாவிட்டால் எத்தனை கோடி கொட்டினாலும் ரேஸ் நிலைக்காது.

அமெரிக்காவின் பெகாசஸ் உலகக் கோப்பையைப் பாருங்கள். 2017 ஜனவரியில் ஃப்ளோரிடாவின் கல்ஃப்ஸ்ட்ரீம் பார்க்கில் 1.2 கோடி டாலர் பரிசோடு அது தொடங்கியது. மொத்தம் 12 இடங்கள், ஓர் இடம் 10 லட்சம் டாலர். இடம் விற்ற பணமே பரிசு. மறு ஆண்டு பரிசு 1.6 கோடி ஆனது. 2020-க்குள் இட விற்பனையே கைவிடப்பட்டு, பரிசு 30 லட்சத்துக்கு இறங்கியது. தேதியே அந்த ரேஸுக்கு எதிராக வேலை செய்தது என்பது எங்கள் கணிப்பு. நவம்பரில் அமெரிக்காவின் பெரிய சாம்பியன்ஷிப் கூட்டமான பிரீடர்ஸ் கப் முடிந்ததும் புகழ்பெற்ற கோல்ட்களில் (இளம் ஆண் குதிரைகளில்) பல, பிப்ரவரியில் தொடங்கும் இனப்பெருக்கப் பருவத்துக்காக ஸ்டட் ஃபார்முக்குப் போய்விடும். ஜனவரிக் கடைசிவரை அவற்றை ஓட்டத்தில் வைத்திருக்க உரிமையாளருக்குக் காரணம் குறைவு.

இந்தியாவில் ஒரு சாம்பியன்ஷிப்பை முன்மொழிபவருக்காக இந்தக் குறிப்பு எழுதப்படுகிறது. மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய ஐந்து டர்ஃப் (குதிரைப் பந்தய) அதிகார அமைப்புகளும் சேர்ந்து நடத்தும் இந்தியன் டர்ஃப் இன்விடேஷன் கப் 1963-இல் தொடங்கியது. ஆண்டுக்கு ஒரு மையமாகச் சுற்றி வருகிறது. 2400 மீட்டர் பிரதான ரேஸோடு குறுந்தூரத்துக்கு ஸ்பிரின்டர்ஸ் கப், நெடுந்தூரத்துக்கு ஸ்டேயர்ஸ் கப், ஒரு மைலுக்கு சூப்பர் மைல் கப் ஆகியவையும் அந்த வார இறுதியில் ஓடுகின்றன. விளக்கத்துக்காக, இதே வார இறுதியில் ஃபில்லிகளுக்கும் (இளம் பெண் குதிரைகள்) மேர்களுக்கும் (வளர்ந்த பெண் குதிரைகள்) 2000 மீட்டரில் ஒரு சாம்பியன்ஷிப் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

குதிரைகளை எண்ணுங்கள்

கடந்த ஐந்து பருவங்களின் ரேஸ் முடிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனியாக, 1800 முதல் 2400 மீட்டர் வரை உயர்தர ரேஸ்களில் முதல் நான்கு இடங்களில் வந்த பெண் குதிரைகளைப் பட்டியலிடுங்கள். ஒரே குதிரை பல ரேஸ்களில் வந்திருக்கும். பெயரை ஒருமுறைதான் எண்ண வேண்டும். பல முன்மொழிவுகள் இந்த இடத்திலேயே தவறுகின்றன. மூன்று மையங்களில் ஓடிய ஒரே மேரை மூன்றாக எண்ணி, வளம் இருப்பதாகக் காட்டிவிடுகிறார்கள்.

அடுத்தது ரேட்டிங், அதாவது குதிரையின் திறனுக்குத் தரும் எண். ஒரு மையத்து ஹேண்டிகேப்பர் (குதிரைகளை மதிப்பிட்டு எடை நிர்ணயிப்பவர்) தரும் எண்ணை இன்னொரு மையத்து எண்ணோடு நேராக ஒப்பிடாதீர்கள். இரு மையக் குதிரைகளும் நேருக்கு நேர் மோதிய ரேஸ்களைப் பிடித்து, அவற்றின் வழியாக இரண்டு அளவுகளையும் சமன் செய்யுங்கள். வெற்றி இடைவெளியை எடையாக மாற்றும்போது தூரத்தைக் கவனிக்க வேண்டும். 1000 மீட்டரில் ஒரு லெங்த் (ஒரு குதிரையின் நீளம்) ஏறக்குறைய 3 பவுண்டுக்குச் சமம். ஒரு மைலில் 2 பவுண்டு. தூரம் கூடக் கூட இன்னும் குறையும்.

பட்டியல் கைக்கு வந்ததும் கழித்தல் தொடங்குகிறது. பட்டியலில் 36 குதிரைகள் என்று கொள்வோம். பருவக் கடைசியில் காயத்திலும் ஓய்விலும் இருப்பவை ஒரு பங்கு. இனப்பெருக்கத்துக்கு அனுப்பப்பட்ட மேர்கள் ஒரு பங்கு. பயணம் வேண்டாம் என்று சொந்த மையத்திலேயே இருப்பவை ஒரு பங்கு. சூப்பர் மைலையோ 2400 மீட்டரையோ தேர்ந்தெடுப்பவை இன்னொரு பங்கு. கடைசியில் தொடக்கக் கேட்டுக்குள் நிற்க 10 அல்லது 12 மிஞ்சும். ஆகவே தகுதியான குதிரைகள் 30-க்குக் குறைவாக இருந்தால் அந்த ரேஸைக் கேட்காமல் இருப்பதே நல்லது. வேறு தூரத்தை யோசிக்கலாம், அல்லது இருக்கிற ரேஸ் ஒன்றின் தரத்தை உயர்த்தச் சொல்லலாம்.

பிரீடர்ஸ் கப்பே இதை அனுபவத்தில் கற்றது. 1984-இல் ஏழு ரேஸ்களோடு தொடங்கி, 1999-இல் ஃபில்லி அண்ட் மேர் டர்ஃபைச் சேர்த்தபோது அது ஊன்றி நின்றது. புல்தரையில் ஓடும் நல்ல மேர்கள் ஏற்கெனவே ஏராளமாக இருந்தன. 2008-இல் வந்த மாரத்தான் 2013-க்குப் பிறகு அட்டவணையில் இல்லை. அமெரிக்காவில் டர்ட் (மண்) தரையில் நெடுந்தூரம் ஓடவென்று குதிரை வளர்ப்போர் குறைவு. 2011-இல் வந்த, இரண்டு வயதுக் குதிரைகளின் குறுந்தூர ரேஸான ஜுவனைல் ஸ்பிரின்ட் இரண்டே ஆண்டுகளில் போயிற்று. இனவிருத்தியாளர்கள் எதை வளர்க்கிறார்கள் என்பதைப் பரிசுத்தொகையால் ஓரிரு ஆண்டில் திருப்ப முடியாது.

தேதி

பெரிய ரேஸ் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே மூன்று முதல் ஐந்து வாரம் இருக்க வேண்டும். இரண்டு வாரம் என்றால் முதல் ரேஸில் முழு உழைப்பைக் கொடுத்த குதிரை வராது. எட்டு வாரம் என்றால் நடுவில் இன்னொரு ரேஸைத் தேட வேண்டியிருக்கும். 2020-இல் தொடங்கிய சவுதி கப்பைப் பிப்ரவரிக் கடைசியில் வைத்தது நல்ல திட்டமிடல். மார்ச் கடைசியில் துபாய் உலகக் கோப்பை வருவதால், வளைகுடாவுக்கு ஒரே பயணத்தில் குதிரை இரண்டிலும் ஓடலாம்.

நம் காலண்டரில் நங்கூரம் மும்பை மகாலட்சுமியின் குளிர்காலப் பருவம். ஃபில்லிகளுக்கு டிசம்பரில் 1000 கினீஸ், அதன் பிறகு ஓக்ஸ். பிப்ரவரித் தொடக்கத்தை ஒட்டி இந்தியன் டெர்பி. இன்விடேஷன் வார இறுதி அதற்குச் சில வாரம் கழித்து வருகிறது. ஓக்ஸில் ஓடிய ஃபில்லிக்கு அந்த இடைவெளி போதும். டெர்பியிலும் ஓடியிருந்தால் கொஞ்சம் இறுக்கம்தான். இதையெல்லாம் ஒரு பக்க வரைபடமாக, வார வாரியாக வரைந்து முன்மொழிவோடு இணையுங்கள். ஐந்து மையங்களின் உயர்தர ரேஸ்களும் அதில் இருக்க வேண்டும். கமிட்டியில் உள்ளவர்கள் பத்து பக்க விளக்கத்தைவிட அந்த ஒரு பக்கத்தைத்தான் நெடுநேரம் பார்ப்பார்கள்.

வானிலையையும் அதே பக்கத்தில் குறியுங்கள். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சுழற்சியில் சென்னையும் இருக்கிற ரேஸுக்கு அந்த மாதங்கள் ஆகாது. பிரிட்டிஷ் சாம்பியன்ஸ் டே 2011-இல் தொடங்கியதிலிருந்து அக்டோபர் நடுவில் இங்கிலாந்தின் ஆஸ்கட்டில் நடக்கிறது. அந்த நேரத்தில் தரை நனைந்து கனத்துவிடும் என்ற குறை இன்றும் தீரவில்லை. 2019-இல் வளைவுப் பாதை ரேஸ்களை உட்பக்கத் தடத்துக்கு மாற்றி ஓட்டினார்கள். உங்கள் முன்மொழிவிலும் மாற்று ஏற்பாடு எழுதியிருக்க வேண்டும்: ரெயிலை (தடத்தின் உட்பக்க வேலியை) எத்தனை மீட்டர் நகர்த்துவது, எந்த நாளுக்குத் தள்ளிவைப்பது, எத்தனை மணிக்குள் முடிவெடுப்பது, யார் முடிவெடுப்பது.

நிபந்தனைகளை எழுதுவது

ப்ராஸ்பெக்டஸில் (பருவத்தின் ரேஸ்களும் நிபந்தனைகளும் அச்சாகும் புத்தகத்தில்) அச்சாகப்போவது ஆறேழு வரிதான். ஆனால் பின்னால் எழும் வழக்குகளும் சண்டைகளும் அந்த வரிகளிலிருந்துதான் கிளம்பும்.

சாம்பியன்ஷிப் ஹேண்டிகேப்பாக இருக்கக் கூடாது. ஹேண்டிகேப்பில் நல்ல குதிரைக்கு எடை கூட்டி எல்லோரையும் சமமாக்குகிறோம். சாம்பியன்ஷிப்பில் யார் மேல் என்று பார்க்க வேண்டும். வயதுக்கேற்ற எடை மட்டுமே போதும். பெண் குதிரைகளுக்கான ரேஸ் என்பதால் வழக்கமான 1.5 கிலோ பாலினச் சலுகைக்கு இங்கே வேலை இல்லை. முன்பு பெற்ற வெற்றிகளுக்குத் தண்டனை எடையும் வேண்டாம்.

வயது வரியை எழுதும்போது நம் நாட்டுக் கணக்கை மறக்காதீர்கள். இந்தியாவில் குதிரைகளுக்கு ஜனவரி 1-ஆம் தேதி ஒரு வயது கூடும். டிசம்பரில் கினீஸ் ஓடும்போது மூன்று வயதாக இருந்த ஃபில்லி, பிப்ரவரியில் டெர்பி ஓடும்போது நான்கு வயது. ஆகவே மார்ச்சில் நடக்கும் ரேஸுக்கு ‘நான்கு வயதும் அதற்கு மேலும்’ என்று எழுதினால் அந்தப் பருவத்துக் கிளாசிக் ரேஸ்களில் (கினீஸ், ஓக்ஸ், டெர்பி) ஓடிய ஃபில்லிகளும் முந்தைய பருவத்து மேர்களும் மோதுவார்கள். அதே வரியை வைத்துக்கொண்டு ரேஸை டிசம்பருக்கு நகர்த்தினால் கிளாசிக் ஃபில்லிகள் அத்தனை பேரும் வெளியே போய்விடுவார்கள். தேதியை மாற்றும் ஒவ்வொரு வரைவிலும் இந்த வரியைத் திரும்பப் படியுங்கள்.

தாயின் வயிற்றில் இறக்குமதியாகி இங்கே பிறந்த குதிரைக்கு அனுமதி உண்டா என்பதையும் தெளிவாக எழுத வேண்டும். ஆண் குதிரைகளுக்கான ரேஸ் கேட்பவர்கள் கெல்டிங் (விதை நீக்கிய ஆண் குதிரை) பற்றி முடிவெடுக்க வேண்டும். 2011-இல் முதல் சாம்பியன்ஸ் டேயில் சாம்பியன் ஸ்டேக்ஸை வென்ற சிர்ரஸ் தெ ஸேக்ல் ஒரு கெல்டிங். அதன் காலம் முழுக்க பாரிஸின் பெரிய ரேஸான ஆர்க் தெ ட்ரியோம்ஃப் அதற்கு மூடியே இருந்தது. இனவிருத்திக்குத் தேர்வு செய்வதுதான் நோக்கம் என்றால் கெல்டிங்கை விலக்கலாம். மிகச் சிறந்த குதிரை எது என்று காண்பதுதான் நோக்கம் என்றால் விலக்கியது தவறு. இரண்டு நோக்கத்தையும் ஒரே ரேஸின் மேல் ஏற்றாதீர்கள்.

களத்தின் அளவு பரிசுத் திட்டத்தால் அல்ல, தடத்தால் தீர்மானமாகும். 2000 மீட்டர் தொடக்கப் புள்ளியிலிருந்து முதல் வளைவு எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்பதை ஒவ்வொரு மையத்திலும் அளந்து எழுதுங்கள். வளைவு அருகிலிருந்தால் வெளிக் கேட் கிடைத்த குதிரைக்குப் பாதி ரேஸ் அங்கேயே போய்விடும். பெரிய டிரெய்னர்கள் டிரா (யாருக்கு எந்தக் கேட் என்ற குலுக்கல்) பார்த்த பிறகு குதிரையை எடுத்துவிடுவார்கள். இப்படிப்பட்ட தடத்தில் 12 என்று வரம்பு வைத்து, இரண்டு ரிசர்வ் வைத்துக்கொள்ளலாம்.

வரம்பைத் தாண்டி என்ட்ரி வந்தால் யாரை விடுவது? வென்ற பரிசுப்பணத்தை வைத்துத் தேர்வு செய்யாதீர்கள். கென்டக்கி டெர்பி 2012 வரை அப்படித்தான் செய்தது. இரண்டு வயதில் குறுந்தூர ரேஸில் கொழுத்த பரிசு வாங்கிய குதிரை ஒன்றேகால் மைல் ரேஸில் இடம்பிடித்தது. 2013-இலிருந்து குறிப்பிட்ட தகுதி ரேஸ்களில் பெற்ற புள்ளிகளே கணக்கு. நம் உதாரணத்துக்கு ஐந்து மையத்திலும் ஒவ்வொரு தகுதி ரேஸ், அதில் வென்றவருக்கு நேரடி இடம், மீதி ஏழு இடம் ரேட்டிங் வரிசையில் என்றால் சரியாக இருக்கும். மையங்களின் ஆதரவும் இதனால் கிடைக்கும். தன் ஊர் ரேஸ் ஒன்று தகுதி ரேஸாக மதிப்பு பெறும்போது எதிர்ப்பவர் குறைவு.

பணம்

முதல் ஆண்டுப் பணத்தைத் திரட்டுவது எளிது. புது ரேஸைக் கொல்வது மூன்றாம் ஆண்டு. ஆகவே மூன்று ஆண்டுக்கான உறுதி கையில் இல்லாமல் முன்மொழியாதீர்கள். ஸ்பான்சர் விலகினால் யார் ஈடுகட்டுவது என்ற கடிதமும் சேர்த்தே இருக்க வேண்டும்.

சிட்னியில் 2017-இல் தொடங்கிய தி எவரெஸ்ட், 12 இடங்களை ஆண்டுக்கு 6 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வீதம் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விற்றது. பெகாசஸும் எவரெஸ்ட்டும் ஏறத்தாழ ஒரே முறையைத்தான் பின்பற்றின. ஆனால் 1200 மீட்டர் ஓடும் குதிரைகள் ஆஸ்திரேலியாவில் நிறைந்து கிடக்கின்றன, தேதியும் சிட்னியின் வசந்தகாலப் பருவத்துக்குள் விழுகிறது. பிரீடர்ஸ் கப் வேறு வழியில் போனது: ஸ்டாலியன் உரிமையாளர்களும் குட்டிகளின் இனவிருத்தியாளர்களும் கட்டும் நாமினேஷன் (பதிவு) கட்டணமே அதன் அடித்தளம். இந்தியாவில் இனவிருத்தியாளர்களிடமிருந்து இப்படி ஒரு நிதி திரட்டுவது சாத்தியம் என்றே நினைக்கிறோம். மேர்களுக்கான ரேஸ் என்றால் இன்னும் எளிது. வென்ற மேரின் மதிப்பு ஏறுவதால் நேரடியாகப் பலன் பெறுபவர்கள் அவர்கள்தான்.

டோட் (கிளப் நடத்தும் பந்தயக் கட்டு) வசூலை நம்பித் திட்டம் போடுவது ஆபத்து. பந்தயத்தில் பணம் கட்டுவதன் மீதான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம் ஆகிவிட்டது. பழைய பருவங்களின் விற்றுமுதலை எடுத்து அப்படியே வருங்காலத்துக்கு நீட்டும் கணக்கைக் கமிட்டி ஏற்காது. டோட் வருமானத்தைப் பூஜ்ஜியமாக வைத்தும் ரேஸ் நடக்கும் என்று காட்டுங்கள்.

பரிசைப் பிரிக்கும்போது வென்றவருக்கு எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். 50, 20, 12, 8, 5, 3, 2 சதவீதம் என்று ஏழாம் இடம் வரை கொடுத்தால், வெல்லும் வாய்ப்பு குறைந்த குதிரையின் உரிமையாளரும் பயணச் செலவைத் துணிந்து ஏற்பார். வெளி மையத்துக் குதிரைகளுக்குப் போக்குவரத்து மானியத்தைப் பரிசிலிருந்து தனியாக வையுங்கள். என்ட்ரிக் கட்டணம் படிப்படியாக ஏறட்டும்: முதல் நாமினேஷன் மிகக் குறைவு, இரண்டாம் கட்டம் நடுத்தரம், கடைசி வாரத்தில் புதிதாக நுழைபவருக்கு மட்டும் கடுமையான தொகை.

பரிசை எப்போது கொடுப்பது என்பதையும் எழுத வேண்டும். முதல் சவுதி கப்பை வென்ற குதிரையின் பரிசு நிறுத்திவைக்கப்பட்டு, அது 2024-இல்தான் தகுதி நீக்கம் செய்யப்பட்டது. ஊக்கமருந்துப் பரிசோதனை முடிவு வந்த எத்தனை நாளில் பணம், விசாரணை நீண்டால் யார் கணக்கில் பணம் இருக்கும், தகுதி நீக்கமானால் மற்றவர்கள் எப்படி மேலேறுவார்கள் என்பவை ஆரம்பத்திலேயே நிபந்தனையாக இருக்கட்டும்.

குரூப் தரம்

‘முதல் ஆண்டே உச்சத் தரமான குரூப் 1’ என்று கேட்டு எழுதுபவர்களைப் பார்த்து ஹேண்டிகேப்பர்கள் சலித்துவிட்டார்கள். சர்வதேச வழக்கம் இது: ரேஸில் முதல் நான்கு இடங்களில் வந்த குதிரைகளின் ரேட்டிங்கைக் கூட்டி நான்கால் வகுப்பது அந்த ஆண்டின் ரேஸ் ரேட்டிங், மூன்றாண்டுச் சராசரி பார்த்துத் தரம் முடிவாகும். மூன்று வயதும் அதற்கு மேலும் உள்ளவற்றின் குரூப் 1-க்கு 115, குரூப் 2-க்கு 110, குரூப் 3-க்கு 105 என்பது பொதுவான கோடு. பெண் குதிரைகளுக்கு மட்டுமான ரேஸில் கோடு சற்றுக் கீழே.

இந்த எண்களோடு விளையாடிப் பார்த்தால் ஒன்று புரியும். 118, 116, 113, 109 ரேட்டிங்குள்ள நான்கு குதிரைகள் வந்தால் சராசரி 114. கோட்டுக்குக் கீழே. நான்காவது குதிரை மட்டும் 113 ஆக இருந்தால் 115, கோட்டைத் தொட்டாயிற்று. வென்றவர் யார் என்பதைவிட நான்காவதாக வந்தவர் யார் என்பது ரேஸின் தரத்தை நிர்ணயிக்கிறது. ஏழாம் இடம் வரை பரிசு கொடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

விதிவிலக்கு உண்டு. ராயல் ஆஸ்கட்டில் 2015-இல் தொடங்கிய காமன்வெல்த் கப் முதல் ஓட்டத்திலேயே குரூப் 1. மூன்று வயது ஸ்பிரின்டர்களுக்கு ஐரோப்பாவில் இடமில்லை என்பது கையிலிருந்த எண்களாலேயே தெளிவாக இருந்தது. அதற்கேற்ப அதே கூட்டத்தின் டயமண்ட் ஜூபிலி ரேஸையும் நான்கு வயதும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு என்று மாற்றினார்கள். எவரெஸ்ட்டோ அத்தனை பரிசு இருந்தும் 2024 வரை காத்திருந்தது. இந்தியா சர்வதேசப் பட்டியலில் இரண்டாம் பகுதியில் இருப்பதால் நம் குரூப் 1-க்கு வெளிநாட்டு ஏலப் பட்டியலில் முதல் பகுதி நாடுகளின் மதிப்பு கிடைக்காது என்பதையும் இனவிருத்தியாளர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

எதை எடுப்பது

இதைத்தான் பலரும் எழுதத் தயங்குகிறார்கள். இருக்கிற குதிரைகளின் எண்ணிக்கை அப்படியே இருக்க, புது ரேஸ் சேர்த்தால் பழையவற்றில் களம் மெலியும். எந்த ரேஸை நீக்குவது, எதன் தூரத்தையோ வயதையோ மாற்றுவது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். சாம்பியன்ஸ் டேயை உருவாக்க, 1877 முதல் நியூமார்க்கெட்டில் ஓடிய சாம்பியன் ஸ்டேக்ஸையே ஆஸ்கட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நியூமார்க்கெட்டுக்கு அது பெரிய இழப்பு. ஆனால் அக்டோபரில் ஒரே தரத்தில் இரண்டு நாட்கள் போட்டியிட்டுக்கொண்டிருந்தால் இரண்டும் மெலிந்திருக்கும். உங்கள் முன்மொழிவால் இழக்கப்போகும் கிளப்போடு முதலில் பேசுங்கள். கூட்டத்தில்தான் அவர்கள் அதைக் கேள்விப்படுகிறார்கள் என்றால் ஓட்டு போய்விட்டது.

பயணமும் மருத்துவமும்

மும்பையிலிருந்து கொல்கத்தாவுக்குச் சாலை வழி ஏறத்தாழ 2000 கிலோமீட்டர். தலையை உயர்த்திக் கட்டியபடி நெடுநேரம் நிற்கும் குதிரைக்கு மூச்சுக்குழாயில் சேரும் கசடு வெளியேறாமல் நுரையீரல் தொற்று வரும். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, தண்ணீர் காட்டி, தலையைத் தாழ்த்த விட வேண்டும். சென்று சேர்ந்த மூன்று நாட்களுக்குக் காலையும் மாலையும் உடல் வெப்பம் பார்க்க வேண்டும். ரேஸுக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே வந்துவிடலாம் என்ற உரிமையும், அதற்கான லாயங்களும், பழகுவதற்குத் தடம் திறந்திருக்கும் நேரமும் முன்மொழிவில் எண்களாக இருக்கட்டும். 12 வெளியூர்க் குதிரைகள் என்றால் தனிமைப்படுத்த இரண்டு லாயங்கள் கூடுதலாக வேண்டும். 2007-இல் குதிரை இன்ஃப்ளூயன்ஸாவால் சிட்னியின் வசந்தகாலப் பருவமே ரத்தானது. தடுப்பூசிச் சான்று எத்தனை நாள் பழையதாக இருக்கலாம், போக்குவரத்துத் தடை வந்தால் ரேஸ் நடக்குமா என்பதற்கும் ஒரு வரி வேண்டும்.

இன்னொன்று: புது ரேஸையும் புது விதியையும் ஒரே நேரத்தில் கொண்டுவராதீர்கள். முதல் சாம்பியன்ஸ் டேக்குச் சில நாள் முன்புதான் பிரிட்டனில் புதிய சாட்டை விதி அமலானது. சாம்பியன் ஸ்டேக்ஸை வென்ற ஜாக்கியின் மேல் அந்த விதியே பாய்ந்தது. மறுநாள் பேச்சு முழுக்க சாட்டையைப் பற்றி ஆயிற்று.

சமர்ப்பிக்கும் முறை

ரேஸ் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 18 மாதம் முன்பு குதிரைக் கணக்கும் காலண்டர் வரைபடமும் தயாராகி, டிரெய்னர்கள், உரிமையாளர்கள், இனவிருத்தியாளர்கள் ஆகிய மூன்று தரப்பின் எழுத்துபூர்வ ஆதரவு கையில் இருக்க வேண்டும். ‘வரவேற்கிறோம்’ என்ற கடிதத்துக்குப் பயனில்லை. ‘கடந்த பருவத்தில் இந்த ரேஸ் இருந்திருந்தால் எங்கள் லாயத்திலிருந்து இன்னின்ன குதிரைகள் ஓடியிருக்கும்’ என்ற கடிதம் வாங்குங்கள். 15 மாதம் முன்பு உங்கள் சொந்த கிளப்பின் ஸ்டூவர்டுகளிடம் (நிர்வாகப் பொறுப்பாளர்களிடம்). அவர்கள் ஒப்புதலோடு, 12 மாதத்துக்கு முன்பாக மற்ற நான்கு அமைப்புகளிடமும். ப்ராஸ்பெக்டஸ் அச்சுக்குப் போகும் தேதியை ஒவ்வொரு மையத்திலும் தனியாகக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தகுதி ரேஸ்களின் நிபந்தனை அதில் வராவிட்டால் முழுத் திட்டமும் ஓராண்டு தள்ளிப்போகும்.

முன்மொழிவு 12 பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பக்கத்தில் ப்ராஸ்பெக்டஸில் அச்சாக வேண்டிய நிபந்தனை வரிகள் அப்படியே. அடுத்தது குதிரைக் கணக்கு, காலண்டர் வரைபடம், நீக்கப்படும் ரேஸ், மூன்றாண்டு வரவு செலவு, பயண ஏற்பாடு, மழைக்கான மாற்றுத் திட்டம். கடைசிப் பக்கத்தில் நிறுத்தும் நிபந்தனை: மூன்று ஆண்டுகளில் இரண்டு முறை களம் எட்டுக்குக் கீழே போனாலோ, மூன்றாண்டுச் சராசரி ரேட்டிங் குறித்த கோட்டைத் தொடாவிட்டாலோ, ரேஸ் தானாகவே மறுபரிசீலனைக்கு வரும். அந்தப் பக்கத்தில் முன்மொழிபவரும் ஸ்பான்சரும் கையெழுத்திட வேண்டும்.